சினிமாத் தெருவில் எடுத்த போட்டோ

எங்கள் ஊருக்குச் சினிமாத் தெரு வந்தது, காவிரியில் தண்ணீர் ஒழுங்காக வராத ஒரு வருஷம். நன்னிலம் போகிற ரோட்டோரம் குறுவை போடாமல் தரிசாகக் கிடந்த வயலை மெட்ராஸ் படக் கம்பெனி ஒன்று குத்தகைக்கு எடுத்தது. சவுக்குக் கம்பும் பிளைவுட்டும் லாரி லாரியாக வந்து இறங்கின. ஒரே மாதத்தில் தெரு எழுந்து நின்றுவிட்டது. ஒரு பக்கம் கடைகள், எதிர்ப்பக்கம் வீடுகள், கோடியில் ஜமீன்தார் பங்களா. எல்லாம் முகப்பு மட்டும்தான். கதவைத் திறந்தால் முட்டுக்கொடுத்த கம்புகள், அதற்கப்பால் வரப்பு.

போர்டை மாற்றினால் போலீஸ் ஸ்டேஷன் பள்ளிக்கூடமாகிவிடும். ஒரு வாரம் அது ஆந்திரா, மறுவாரம் கேரளா. கேரளாவுக்கென்று மெட்ராஸிலிருந்து வாழைக்கன்று கொண்டுவந்து நட்டார்கள். எங்கள் ஊரில் வாழைக்குப் பஞ்சமா? ஏழெட்டு வருஷம் போனது. மழையில் பிளைவுட் ஊதிப்போய், கம்பெனியும் வருவதை நிறுத்தியபின், ஊர்க்காரர்கள் கம்புகளைப் புடலைப் பந்தலுக்குப் பிடுங்கிக்கொண்டார்கள். இப்போது அங்கே மறுபடி நெல்தான். அத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் யாரும் குடியிருந்ததில்லை. அதை என் வீடென்று சொன்னவள் நான் ஒருத்திதான்.

என் வீட்டுக்காரர் கடல் கடந்து சம்பாதிக்கப் போன சபுராளி, வளைகுடாவில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை. மகளுக்கு இரண்டு வயதிருக்கும்போது போனவர், ஐந்து வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. போனில் எப்போது கேட்டாலும் ஒரே பாட்டு.

"வீடு முடியட்டும், வந்துடறேன்."

வீடோ ஜன்னல் மட்டம் வரை எழும்பி, சுவரில் எருக்கு முளைத்துக் கிடந்தது. பின்னால் கீற்றுக் கொட்டகையில் நானும் பிள்ளையும். கம்பி விலை ஏறும், சிமெண்ட் விலை ஏறும், அவர் வருவது இன்னொரு வருஷம் தள்ளிப்போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டையா நான் நிக்காஹ் பண்ணிக்கொண்டேன்?

ஒருநாள் ஷூட்டிங் இல்லாத மத்தியானம், மகளுக்குப் பச்சைப் பாவாடை கட்டி, தலை வாரி, சினிமாத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். யூனிட்டில் படமெடுக்கும் தம்பி பீடி குடித்துக்கொண்டு நின்றது.

"தம்பி, இந்தப் பங்களா வாசல்ல புள்ளைய ஒரு போட்டோ எடுத்துக் கொடுங்க. இவ அத்தாவுக்கு அனுப்பணும்."

"முழு பங்களாவும் வர மாதிரி எடுக்கவாக்கா?"

"ஐயோ, வேணாம். கதவும் படியும் மட்டும் வந்தா போதும்."

முழுசும் தெரிந்தால் நம்புவாரா? நாம் வீடு கட்டும் லட்சணம் அவருக்குத் தெரியாதா என்ன? போட்டோவுக்குப் பின்னால், "வீடு முடிஞ்சிட்டுது, வாங்க" என்று எழுதித் தபாலில் சேர்த்தேன். அல்லாவே, கூசாமல் பொய் எழுதினேன்.

ஒரு மாதத்தில், லீவு கிடைத்தது, கிளம்பி வருகிறேன் என்று பக்கத்து வீட்டு போனில் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்து இறங்கி, எருக்கஞ்செடியைப் பார்த்தால் என்ன சொல்வார்? அடுத்த பிளேனிலேயே திரும்பிவிட்டால்?

கார் வந்து நின்றது. இறங்கினார், இளைத்துப் போயிருந்தார். பாதிச் சுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"புள்ள எங்க?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கு. ஏங்க, வீடு வந்து..."

"எப்ப வரும்?"

பெட்டியைப் பிரித்தார். உள்ளே பால் மாவு டின்கள். அடுத்த பெட்டியிலும் பால் மாவு, டானிக் பாட்டில், பேரீச்சை.

"என்னங்க இது? சேலை இல்ல, அத்தர் இல்ல. கடை போடப் போறீங்களா?"

அவர் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் பையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். அவர் எழுந்துபோய் அவளைத் தன் மேல் சாய்த்து நிறுத்தினார். அவள் தலை அவர் நெஞ்சுக்கு வந்தது. உச்சியில் கைவைத்தார். மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்தார்.

"இதுல பாரு. கதவுல பாதிகூட இல்ல இவ. ஏழு வயசுப் புள்ள மூணு வயசுப் புள்ள மாதிரி நிக்குது. ரூம்ல எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. வளர்த்தி நின்னு போச்சோ, நீ சொல்லாம மறைக்கிறியோன்னு... ஒரு மாசமா எனக்குச் சோறு எறங்கலடி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கதவு ஒன்பது அடி. படத்தில் ஜமீன்தார் குதிரையோடு உள்ளே போவதற்காக அடித்தது. நானே வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஆனால் பக்கத்தில் பிள்ளையை நிறுத்தியபோது அது என் புத்தியில் படவில்லை.

"அது நம்ம வீடு இல்லிங்க. சினிமாக்காரன் கதவு. அதான் அவ்வளவு பெருசு. வீடு முடிஞ்சாத்தான் வருவீங்கன்னு பொய் எழுதிட்டேன்."

வெடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் பாதிச் சுவரை அப்போதுதான் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"போட்டோல வீட்ட யாரு பார்த்தா? நான் புள்ளையத்தானே பார்த்தேன்."

ஐந்து வருஷமாக அவரைத் திட்டித் தீர்த்த வாய் எனக்கு. அன்றைக்கு ஓவென்று அழுதேன். அவர் மகளைத் தரையில் உட்காரவைத்து ஒரு டின்னை உடைத்தார். திரும்பிப் போவதற்கென்று எடுத்திருந்த டிக்கெட் அந்தப் பெட்டியிலேயே கிடந்து வீணாய்ப் போனது.