‘முடிஞ்சிடுச்சு’ என்றார்

பஸ் டிப்போவில் அவருக்கு டேங்க் என்று பெயர். கண்டக்டர் வைத்த பெயர். ஒரு டிரிப்புக்கு இரண்டு தடவை கண்டக்டர் இறங்கி மறைவிடம் தேடி ஓடுவார். டிரைவரோ காலையில் சீட்டில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். “அண்ணனுக்குள்ள பஸ்ஸைவிடப் பெரிய டேங்க் இருக்கு” என்று கண்டக்டர் சொல்ல, முன் சீட்டில் தினமும் வரும் பெண்கள்கூடச் சிரிப்பார்கள். இருபத்தாறு வருடம் அவர் அப்படித்தான் ஓட்டினார்.

ஐம்பத்தேழாவது வயதில் ஒருநாள் கடைசி ஸ்டாப்பின் கழிப்பறையில் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலியே இல்லை. ஒரு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவர் மனைவி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். துணியில் படும் எந்தக் கறையும் அவள் கண்ணுக்குத் தப்பாது. உள்ளாடையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

சிறுநீர்ப்பையில் புற்றுநோய். மேலோட்டமாகத்தான் இருக்கிறது என்று குழாய் விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். திரும்ப வராமல் இருக்க வாரம் ஒன்றாக ஆறு வாரம் பைக்குள் ஒரு மருந்து செலுத்த வேண்டும் என்றார் டாக்டர். காசநோய்க் கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த மருந்து. “கைக்குழந்தைங்களுக்குத் தோள்ல போடுறோமே, அதேதான். உள்ள போய் உங்க உடம்போட சொந்தப் பட்டாளத்தைத் தட்டி எழுப்பும். ரெண்டு மணி நேரம் அடக்கி வைக்கணும். முடியுமா?”

டிரைவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். “இவர்கிட்டப் போய் இதைக் கேக்குறீங்களே, டாக்டர்” என்றாள் அவள்.

முதல் வாரம் வேடிக்கையாகவே போனது. மருந்தை ஏற்றிக்கொண்டு வாடகைக் காரில் வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்தார். மருந்து எல்லாப் பக்கமும் படுவதற்காகக் கால் மணிக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். மனைவி கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து, “இப்ப லெப்ட்டு” என்பாள். “இண்டிகேட்டர் போடட்டுமா?” என்று கேட்டுவிட்டுத் திரும்புவார். இரண்டு மணி நேரம் கழித்து, தெறிக்காமல் இருக்க உட்கார்ந்தபடி போனார். மனைவி கழிப்பறையில் இரண்டு கப் ப்ளீச் ஊற்றி, மூடி போட்டு, கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் விட்டாள். ஆறு மணி நேரத்துக்கு ஒவ்வொரு தடவையும் இப்படி. அந்த நெடி அவளுக்குப் பழகியது.

மூன்றாவது வாரம் பட்டாளம் முழித்துக்கொண்டது. ஐம்பது நிமிடத்துக்கு மேல் அடக்க முடியவில்லை. கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் அவர் சுவரில் கையால் அடிப்பது கூடத்தில் கேட்டது. “மிளகாய்ப்பொடி தூவின மாதிரி இருக்கு” என்றார். சாயங்காலம் காய்ச்சலும் குளிர் நடுக்கமும். மறுநாள் முட்டியிலும் மணிக்கட்டிலும் வலி. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போனார். போனால் நாலு சொட்டு.

வீட்டில் ஒரே கழிப்பறை. மகனும் மருமகளும் அவர்களுடைய நாலு மாதப் பெண் குழந்தையும் அதே வீட்டில்தான். டிரைவர் டூட்டி முடிந்து வந்தால் கை கழுவிவிட்டு முதலில் தூக்குவது குழந்தையைத்தான். அவர் மீசையைப் பிடித்தால் அது விடாது.

மருமகள் நல்ல பெண். மாமனாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவளும் அவள்தான். ஆனால் ‘உயிருள்ள கிருமி’ என்ற வார்த்தையைப் போனில் படித்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. நாலாவது வாரத்துக்கு முந்தின நாள் துணிப்பையை எடுத்து வைத்துவிட்டு வந்து நின்றாள்.

“மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. குழந்தை சின்னது. உங்க மருந்து முடியிற வரைக்கும் அம்மா வீட்டுல இருந்துட்டு வரேன்.”

“இதுல தப்பு என்னம்மா? நானே சொல்லணும்னுதான் இருந்தேன்” என்றார். குழந்தையைத் தூக்கவில்லை. தூரத்தில் நின்று கையை ஆட்டினார்.

ஆறு வாரமும் முடித்தார். காய்ச்சலோடு போய் நின்றபோது டாக்டர் ஒரு வாரம் தள்ளிப்போட்டாரே தவிர, இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு கேமரா விட்டுப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. இன்னும் மருந்து வேண்டுமா என்று மூன்று மாதம் கழித்துச் சொல்வதாக டாக்டர் சொன்னதால், மருமகள் அதுவரை அம்மா வீட்டிலேயே இருந்தாள். மனைவி ஆஸ்பத்திரி வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் வேலைக்குத் திரும்பினார்.

சிறுநீர்ப்பை மட்டும் பழைய நிலைக்கு வரவில்லை. ஒருநாள் பஸ் நிறையக் கூட்டம். பாலத்தின் மேல் நெரிசல், இருபது நிமிடம் வண்டி நகரவில்லை. கண்டக்டர் தற்செயலாக முன்னால் வந்தவர் டிரைவரின் முகத்தைப் பார்த்தார், பிறகு சீட்டைப் பார்த்தார். “வண்டி ரிப்பேர்! எல்லாரும் பின் வாசல் வழியா இறங்குங்க, பின் வாசல்!” என்று கத்தினார். ஒருவர் விடாமல் இறங்கிய பிறகு தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து டிரைவரின் மடியில் கவிழ்த்தார். “தண்ணி கொட்டிடுச்சுண்ணே. யாராவது கேட்டா அவ்வளவுதான்.”

அடுத்த வாரம் டிப்போவில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வண்டிச் சாவி கொடுக்கும் வேலைக்கு அவரே எழுதிக் கொடுத்து மாறினார். டேங்க் என்று யாரும் கூப்பிடவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்று மாதம் ஆனதும் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனார். நோய் திரும்பாமல் இருக்க இனி மூன்று மாதமோ ஆறு மாதமோ இடைவெளி விட்டு, ஒவ்வொரு தடவையும் மூன்று வாரம் என்று, இன்னும் ஒரு வருடமாவது அதே மருந்து தொடர வேண்டும் என்றார் டாக்டர். ப்ளீச் உண்டா என்று மட்டும் இவர் கேட்டார். உண்டு என்றார். அடுத்த வாரத்துக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, “முடிஞ்சிடுச்சு” என்றார். “இனிமே மருந்து வேணாமாம். செக்கப் மட்டும் போதுமாம். மருமகளுக்குப் போன் போட்டு வரச் சொல்லு.”

குழந்தை வந்தது. நாலு மாதப் பிரிவில் அவரை மறந்து, முதல் நாள் வீறிட்டது. ஒரு வாரத்தில் பழையபடி மீசையைப் பிடித்தது. அதற்குப் பிறகு வந்த ஒரு வருடம் அந்த வீட்டில் இருந்தது போன்ற சந்தோஷம் முன்னே எப்போதும் இருந்ததில்லை. டிப்போ வேலை நாலு மணிக்கு முடிந்துவிடும். நாலரைக்கு அவர் வாசலில் நிற்பார், குழந்தை உள்ளிருந்து கத்தும். அவர் சுண்டுவிரலைப் பிடித்துத்தான் நடக்கப் பழகியது. செக்கப் பற்றி மனைவி கேட்டபோதெல்லாம், “நேத்துதானே போனேன், கிளீனா இருக்காம்” என்றார். டிப்போவிலிருந்து அப்படியே போய்விட்டு வந்ததாகச் சொன்னார். அவளும் நம்பினாள். நம்புவதற்கு அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்தது.

மறுபடி கறையைப் பார்த்தவளும் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பழைய ஃபைலைப் புரட்டினாள். “அடுத்த டோஸுக்குத் தேதி வாங்கிட்டுப் போனதுக்கப்புறம் நீங்க வரவே இல்லையே சார். நாங்க நாலு தடவை போன் பண்ணியிருக்கோம். வெளியூர்ல இருக்கேன்னு சொல்லியிருக்கீங்க.”

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எரிச்சல் தாங்க முடியலைன்னா சொல்லியிருக்கலாமே” என்றாள் நர்ஸ். “டோஸைக் குறைச்சிருப்போம், மாத்திரை கொடுத்திருப்போம்.”

“எரிச்சலுக்காக இல்லம்மா” என்றார் அவர் மெதுவாக. “வீட்டுல கைக்குழந்தை.”

நர்ஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஃபைலை மூடி வைத்தாள். “சார், குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே. டாய்லெட்டுல ப்ளீச் ஊத்தி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாப் போதும். தூக்கலாம், கொஞ்சலாம், பக்கத்துல படுக்க வச்சுக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே.”

அதைக் கேட்ட பிறகுதான் அவர் அழுதார். டாக்டர் சொன்னதற்குக்கூட அழவில்லை.

நோய் பையின் தசையைத் தாண்டி எலும்புக்குப் போயிருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“என்கிட்ட ஏங்க பொய் சொன்னீங்க? என்கிட்டயுமா?”

“உன்கிட்டச் சொன்னா நீ விட்டிருக்க மாட்ட.”

“விட்டிருக்க மாட்டேன்தான்!”

போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவள் முழங்கையைத் தொட்டார். “எனக்கு ஒண்ணு செய். மருமககிட்ட இதைச் சொல்லாத. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. பயந்துச்சு, அவ்வளவுதான். கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியவன் நான். வெக்கமா இருந்துச்சு. நம்ம வீட்டுக்குள்ளயே நான் ஒரு அசிங்கம் மாதிரி இருந்துச்சு.”

கையில் ஏற்றும் வேறொரு மருந்தை மூன்று முறை கொடுத்துப் பார்த்தார்கள். குடல் புண்ணாகி நிறுத்தினார்கள். ஏழாவது மாதம், ஒரு மதிய நேரத்தில், மகனும் மனைவியும் பக்கத்தில் இருக்கும்போது போய்விட்டார். டிப்போவிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். கண்டக்டர் வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து முகம் பார்க்க அவரால் ஆகவில்லை.

பதினைந்து நாள் கழித்து மாமியாரும் மருமகளும் அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். மருமகள் ஒரு சட்டையை மடியில் வைத்தபடி கேட்டாள்.

“அத்தை, மாமாவுக்கு அந்த மருந்து கேக்கவே இல்லையா? ஆறு வாரம் அவ்வளவு கஷ்டப்பட்டாரே.”

மாமியாருக்கு உண்மை வாய் வரை வந்தது. இந்த ஏழு மாதமும் அதை அவள் அடக்கி வைத்திருந்தாள். அடுப்படியில், இஸ்திரி மேசையில், குழந்தையைக் குளிப்பாட்டும்போதெல்லாம் இந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்து அவள் மனசுக்குள் எவ்வளவோ பேசியிருந்தாள்.

“சில பேருக்குக் கேக்காதாம்மா” என்றாள்.

“நான் அப்ப அம்மா வீட்டுக்குப் போனது அவருக்கு வருத்தமா இருந்துச்சா?”

“பச்சைக் குழந்தையை வச்சிருந்த. யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க.”

மருமகள் அவள் தோளில் சாய்ந்து அழுதாள். மாமியார் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவத் தடவ, இவள் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. போன மனிதர் மேல்தான் அது ஆறவில்லை. ஒரு வருடம் தினமும் தன் கையால் சாப்பாட்டை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று சொன்ன மனிதர். அவரோடு ஒரே ஒரு நாள், மனசு விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட வேண்டும்போல இருந்தது அவளுக்கு.