தாடை இல்லாத கணினி

தொழிற்சாலையில் அவருக்கு மூடிக்காரர் என்றுதான் பேர். வாளி, டப்பா, எண்ணெய்க் கேன் எதுவானாலும் மேலே உட்காருகிற மூடியை வடிவமைப்பவர் அவர். கட்டைவிரலால் நெம்பினால் திறக்க வேண்டும், கவிழ்த்தால் சிந்தக் கூடாது, மூடும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் வருகிற வரை ஓயமாட்டார். என்ன பிரயோஜனம்? திறக்காத மூடிக்குத் திட்டு விழும். திறக்கிற மூடியை எவன் திரும்பிப் பார்க்கிறான்?

ஆகவே, பெரிய வடிவமைப்பு நிறுவனம் ஒன்று ஆள் எடுக்கிறது என்றதும் மனிதர் துள்ளிவிட்டார். யாரும் கேட்காமல், சொந்த ஆசைக்குச் செய்த வேலை ஒன்றைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார்கள். அது தேறினால் மூடியிலிருந்து விடுதலை.

எதிரி வீட்டுக் கூடத்து மேசையிலேயே இருந்தது. ஆல்-இன்-ஒன் கணினி. தனிப்பெட்டி கிடையாது, திரைக்குப் பின்னாலேயே குடலும் ஈரலும். திரைக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. அதை அவர் தாடை என்பார். பென் டிரைவ் செருக வேண்டுமானால், எட்டாத முதுகைச் சொறிவதுபோல் பின்னால் கையைவிட்டுத் தடவ வேண்டும். இதைப் புதிதாக வடிவமைப்பது, தாடையே இல்லாமல், ஒரு கண்ணாடிப் பலகை நிற்பதுபோல் நிறுத்துவது என்று முடிவு செய்தார்.

தாடையை எடுத்தார். உள்ளே இருந்ததெல்லாம் முதுகுக்குப் போய்க் கூன் விழுந்தது. கூனைத் தட்டினார், பாதம் வீங்கியது. பாதத்தை இளைக்க வைத்தார், எல்லாம் வயர் வழியே இறங்கித் தரையில் செங்கல் கணக்காய் ஒரு பெட்டியாக உட்கார்ந்துகொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம்தான். சோறு அல்லவா போதவில்லை!

அதைவிடக் கொடுமை, இத்தனையையும் அந்தப் பழைய கணினியில்தான் வரைந்தாக வேண்டும். படம் முக்கால்வாசி வந்ததும் அது நின்றுவிடும். தனக்கான குழியைத் தானே வெட்டச் சொன்னால் எவன் சுறுசுறுப்பாக வெட்டுவான்?

சாயங்காலமானால் மனைவி வந்து நிற்பாள். அதே கணினியில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடத்துகிறவள்.

“எந்திரிங்க, வகுப்புக்கு நேரமாச்சு.”

“படம் பாதியில நிக்குது.”

“அது நேத்தும் பாதியிலதான் நின்னுச்சு. ஆமா, அந்தத் தாடையை எடுத்துட்டா நான் துண்டுச்சீட்டெல்லாம் எங்க ஒட்டுறது?”

“ஒட்டவே கூடாது.”

“அப்ப உங்க நெத்தியில ஒட்டிக்கிறேன்.”

ஒருவழியாகப் படம் முடிந்து, ஃபோம் அட்டையில் நிஜ அளவில் ஒரு மாதிரி செய்து மேசையில் நிறுத்தினார். மாமியார் அதை அரைமணி நேரம் பார்த்தார்.

“எப்ப மாப்பிள்ளை ஆன் ஆகும்?”

“ஆகாது அத்தை. அட்டையில செஞ்சது.”

“அப்ப பழசுக்கு இது தேவலை. அது ஆன் ஆகும்னு நம்ப வெச்சு ஏமாத்துது.”

மைத்துனன் தன் பங்குக்குத் தலையைச் சாய்த்துப் பார்த்தான். “முன்னாடி ஒண்ணுமே இல்லையே மாமா.”

“அதுதான்டா டிசைன்.”

“அப்படின்னா நம்ம செவுருகூட டிசைன்தான்.”

நேர்காணலுக்குக் கிளம்புகிற நேரத்தில் மாதிரியின் பின்பக்கத் தகடு கழன்று விழுந்தது. டேப் ஒட்டினார், நிற்கவில்லை. எரிச்சலில் தொழிற்சாலைக் கழிவுப் பிளாஸ்டிக்கை எடுத்து, ஓரத்தில் ஒரு விளிம்பு மடித்து, கட்டைவிரல் நுழைய ஒரு பள்ளம் செதுக்கி மாட்டினார். மனம் தாடையைப் பற்றிய பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது, கை தன்பாட்டுக்குப் பழகிய வேலையைச் செய்தது. அமுக்கினார். டக்.

நிறுவனத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தாடையில் தொடங்கி, கூனைக் கடந்து, பாதத்துக்கு வந்திருந்தபோது, கண்ணாடி போட்ட அம்மாள் மாதிரியைத் திருப்பி வைத்தார். கட்டைவிரல் தானாகப் பள்ளத்தில் போய் நின்றது. திறந்தார், மூடினார். டக். பக்கத்திலிருந்தவர் வாங்கி, டக். மூன்றாமவர் இரண்டு முறை, டக் டக்.

“இதை எப்படிச் செஞ்சீங்க?”

“அது சும்மா மேடம், விழுந்துடக் கூடாதுன்னு. முன்பக்கம் பாருங்க, தாடையே இல்ல.”

“முன்பக்கமும் நல்லாத்தான் இருக்கு” என்றார் அம்மாள், அடுத்தவர் வீட்டுக் குழந்தையின் மூக்கைப் பற்றிச் சொல்கிற குரலில். “நாங்க டிசைன் பண்ற கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாத்துக்கும் பின்மூடி செய்ய ஒரு ஆள் தேடி அலுத்துட்டோம். எப்ப சேர்றீங்க?”

தலை சரியென்று ஆடிவிட்டது. வாய் மட்டும் தாடையைப் பற்றி மிச்சமிருந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தது.

வீட்டில் மாதிரியை மேசையில் இறக்கி வைத்தார்.

“கிடைச்சுதா?” என்றாள் மனைவி.

“கிடைச்சுது.”

“என்ன வேலை?”

“கம்ப்யூட்டர் டிசைன்.”

“எந்தப் பக்கம் மாமா?” என்றான் மைத்துனன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் சட்டையைக் கழற்றப் போனார். கூடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. டக். திரும்பிப் பார்த்தால், மாமியார் தன் மாத்திரை அட்டைகளை அந்த மாதிரியின் முதுகுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“மூடி நல்லா இறுக்கமா இருக்கு மாப்பிள்ளை. யாரு செஞ்சது?”