உள்ளே ஆள் இருக்கு

பெரிய சந்தையின் மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடை தைத்துவந்தவள் அவள். அந்தச் சந்தையில் கடை போட்டவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களுக்கென்று ஒரு கழிப்பறை கிடையாது. அதனால் காலையில் கடை விரித்தால் வீடு திரும்பும்வரை ஒருத்தியும் பச்சைத் தண்ணீரைக்கூடப் பல்லில் படவிடுவதில்லை.

ஒருநாள் பக்கத்துக் கடை மீன்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். “தண்ணியே குடிக்கறதில்லையாம்மா? கிட்னி கெட்டுப்போயிருக்கு” என்றார் டாக்டர். தையல்காரி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கவுன்சிலர் வீட்டுக்குப் போய்ச் சந்தைக்கு ஒரு கழிப்பறை கேட்டாள்.

கவுன்சிலர் சிரித்தார். “இதையெல்லாம் மன்றத்துல பேச முடியுமா? எனக்கு வெக்கமா இருக்காது?”

“வெக்கமா இருந்தா வீட்ல இருங்க. நான் போய்ப் பேசறேன்.”

வாய் தவறி வந்த வார்த்தைதான். ஆனால் அதை விழுங்க அவளுக்கு மனம் வரவில்லை. அடுத்த தேர்தலில், எந்தக் கட்சியும் சீண்டாததால் சுயேச்சையாக நின்றாள். பஸ் டிரைவரான அவள் கணவர், “தோத்துட்டா என்ன பண்ணுவ?” என்று கேட்டார். “திரும்ப நிப்பேன்.” தோற்றாள். திரும்ப நின்றாள். ஜெயித்தாள்.

முதல் கூட்டத்தில் எழுந்து “கழிப்பறை” என்று அவள் ஆரம்பித்ததும் உறுப்பினர்கள் கூரையைப் பார்த்தார்கள். மேயர் மைக்கை அணைக்கச் சொன்னார். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகியவளுக்கு மைக் எதற்கு? அன்று வாசலில் நின்ற காவலாளிவரை எல்லோருக்கும் அவள் பேச்சு கேட்டது. அதற்குப் பிறகும் கூட்டத்துக்குக் கூட்டம் அதையே பேசினாள். அவள் வாயை அடைப்பதற்காகவே கடைசியில் கட்டிக்கொடுத்தார்கள்.

கட்டி முடித்தும் திறக்கவில்லை. மேயருக்கு நேரம் ஒழியவில்லையாம். கதவில் ரிப்பன் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு காலை அவள் துணி வெட்டும் கத்தரியோடு போய் ரிப்பனை நறுக்கினாள். “திறப்பு விழா காத்திருக்கும், இவங்களால முடியாது” என்று பின்னால் நின்ற பெண்களைக் காட்டினாள். அன்றிலிருந்து அவள் கத்தரியக்கா. மன்றத்தில் கிண்டலாகச் சொன்னார்கள். சந்தையில் பெருமையாகச் சொன்னார்கள்.

வீட்டில்தான் அடி விழுந்தது. மகள் கல்லூரியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். “கக்கூஸ் கவுன்சிலர் பொண்ணுன்னு கூப்பிடறாங்கம்மா. வேற எதையாவது பேசக் கூடாதா நீ?” மேயரிடம் வாய் மூடாதவள் அன்று முந்தானையால் மகள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

சில வருஷம் கழித்து, அந்தக் கழிப்பறையை இடித்துவிட்டு அதே இடத்தில் கார் நிறுத்தும் கட்டடம் வரப்போவதாக மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். எதிர்த்து எழுந்த கை அவளுடையது மட்டும்தான். துணைமேயர் பதவி தருகிறோம், கண்டுகொள்ளாமல் இருங்கள் என்று ஆள் விட்டார்கள். வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

இடிக்கும் வண்டி வந்த காலையில் கத்தரியக்கா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

என்ஜினியர் கதவைத் தட்டினார். “யாரு உள்ள?”

“ஆள் இருக்கு!”

“எப்ப வருவீங்க?”

“அதெல்லாம் என் கையிலயா இருக்கு?”

சந்தையே சிரித்தது. மேயர் காரில் வந்து இறங்கினார். “மன்றத் தீர்மானத்த மதிக்க மாட்டீங்களா?”

“மதிக்கறேன் ஐயா. முதல்ல உங்க வீட்டுக் கழிப்பறைய இடிச்சிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.”

வெயில் ஏறியதும் அவளுக்குத் தலை சுற்றியது. தாழ்ப்பாளைத் திறந்தாள், அடுத்து நுழையக் கதவோரம் நின்றவள் அவள் மகள். “நீ போய்க் காத்தாட உக்காரும்மா” என்று அவளை விலக்கிவிட்டு உள்ளே போய், “ஆள் இருக்கு!” என்று அம்மாவைவிட உரக்கக் கத்தினாள். அவளுக்குப் பின்னால் சந்தைப் பெண்கள் வரிசை தெருமுனைவரை நின்றது. மறுநாளும் நின்றது. வண்டிதான் திரும்பிப் போனது.

மன்றத்தில் சும்மா விடவில்லை. கத்தரியக்காவைக் கூட்டங்களிலிருந்து நீக்கினார்கள்; பார்வையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வார்டு எல்லையை மாற்றிச் சந்தையை அவள் வார்டிலிருந்து பிரித்தார்கள். முன்பின் தெரியாத தெருக்களில் நின்று தோற்றாள். அடுத்த தேர்தல்வரை அந்தத் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். அங்கேயே ஜெயித்தாள். அதன்பின் அவளை யாராலும் அசைக்க முடியவில்லை.

இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. மன்றப் படிகளில் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுகிறாள். போன மாதம், மகள் வயதுகூட இல்லாத புது மேயர் மரியாதையாக வந்து நின்றார்.

“அம்மா, நீங்க எவ்வளவோ பண்ணிட்டீங்க. இந்தத் தடவை தேர்தல்ல நிக்காம ஓய்வு எடுத்துக்கோங்க. பெரிய பாராட்டு விழா வைக்கறோம். உங்க படத்த மண்டபத்துல மாட்டறோம்.”

“படமா மாட்டிட்டா பேச முடியாதே தம்பி.”

“அதுக்கில்லம்மா...”

“குப்பை அள்ளறவங்க கையுறை கேட்டு எத்தன கூட்டமாச்சு? வெறுங்கையால கண்ணாடிய அள்ளறாங்க. விழா வைக்கற அன்னிக்குக் கூட்டத்த வைங்க. நான் வந்துடறேன்.”

மேயர் பெருமூச்சு விட்டார். கூட்டத்துக்குத் தேதி குறித்துவிட்டார்கள்.