சுக்குக் களத்து வெயில்

எனக்கு மூளை கொஞ்சம் குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் கிளம்பும்போது மனைவி நீட்டிய குடையை, "மழையா பெய்யுது?" என்று நக்கலடித்து விட்டுவிட்டு, ஆறு வயது மகளுக்குக் கையில்லாத கவுன் மாட்டி, வெயில் தாக்காதென்று தோளில் தேங்காயெண்ணெய் பூசி மட்டாஞ்சேரியைச் சுற்றிக்காட்டியவன் நான்.

இப்போது உச்சி வெயில். சுக்கு காயும் முற்றத்தின் ஓரம், ஓட்டுச் சாய்ப்பு நிழலில் ஒதுங்கியிருக்கிறோம். காலையில் இதே முற்றத்தில் சுக்கு புடைத்த பெண்கள் புடவைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். "வீட்டுக்காரர் வெறும் உடம்போட இருக்காரா?" என்று கேட்டுச் சிரித்தேன். அப்போது என்னை முறைத்த பாலக்காட்டுத் தங்கமக்காதான் இப்போது தன் தோர்த்துத் துண்டை நனைத்து மகளின் தோளில் போடுகிறாள். தோள் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருக்கிறது.

"எண்ணெய் தேச்சுத்தானேக்கா கூட்டிட்டு வந்தேன்?"

"மீனையும் எண்ணெய் தேச்சுத்தான் சாரே பொரிக்கறது."

எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும்தான். மகள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். காலையெல்லாம் என் தோளைவிட்டு இறங்க மறுத்தவள்.

குனிந்து கை நீட்டுகிறேன். "வா கண்ணு, அப்பா தூக்கிக்கறேன்."

"தொடாதப்பா."