உளுந்தும் நாத்தனாரும்: ஓர் அரசாங்க ரகசியம்

யாங்கோனில் நான் என் மனைவிக்குக் கடிதம் எழுத உட்காரும்போதெல்லாம் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: நான், அவள், பர்மா அரசாங்கம். லான்மடா பேட்டையில் டா மியா என்ற அம்மாள் நடத்திய இணையக் கடையில்தான் என் குடும்ப வாழ்க்கை நடந்தது. அங்கே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணினி தானாகவே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளும். அந்தப் படங்களைக் குறுந்தகட்டில் ஏற்றி அவர் உளவு அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் கடையை இழுத்து மூடிவிடுவார்கள். முதல் நாளே அந்த அம்மாள் கணினியைக் காட்டி, ஐந்து விரலை விரித்து, படம் பிடிப்பதுபோல் சைகை செய்து எச்சரித்தார். எனக்குப் பர்மிய மொழி ஒரு சொல் தெரியாது. என்னைத்தான் படம் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சர்க்கார் போட்டோவில் ஏனோதானோவென்று இருக்கக் கூடாதே! இரண்டு வாரம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சீப்பை எடுத்துத் தலை சீவி, நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் டா மியா சிரிப்பை அடக்க முடியாமல் என் கணினித் திரையைத் தட்டித் தட்டி, படம் எடுப்பது எழுத்தை, உன் மூஞ்சியை அல்ல என்று புரியவைத்தார். மானம் போய்விட்டது.

நான் விருதுநகர்க்காரன். எங்கள் அண்ணாச்சி, அதாவது என் முதலாளி, பருப்பு வியாபாரி. பர்மா உளுந்து இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் பாதி இட்லி அவியாது என்பது வெளியே பலருக்குத் தெரியாத விஷயம். இங்கேயே தங்கி உளுந்து வாங்கிக் கப்பலில் ஏற்ற ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பினார். வெளிநாட்டுக்குப் போன் பேசுவது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. ஆகவே, கப்பல் எப்போது வருகிறது, எந்த ஆலையில் சரக்கு வாங்குவது என்பதெல்லாம் மின்னஞ்சலில்தான் பேசிக்கொண்டோம். மனைவி தனலட்சுமியோடு பேசியதும் அதே வழியில்தான்.

அரசாங்கம் கடிதம் படிக்கிறது என்று தெரிந்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குப் பெரிய அதிர்ச்சி ஏற்படவில்லை. விருதுநகரில் எங்கள் கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே ஒரு போன். அது நடுக்கூடத்தில் இருந்தது. கல்யாணமான புதிதில் தனலட்சுமி அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது நான் அவளிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்டால், என் அக்காள் அடுப்படியிலிருந்து "அவ சாப்பிடாம இருப்பாளா!" என்று பதில் சொல்வாள். வந்த கடிதம் என் கைக்குச் சேரும் முன் நான்கு பேர் கையில் பிரிந்திருக்கும். ஆக, எனக்கு உளவு புதிதில்லை. ஆனால் அக்காள் படித்தால் முணுமுணுப்பாள், அவ்வளவுதான். இங்கே படிக்கிறவன் நினைத்தால் என் தங்கும் அனுமதியைக் கிழித்துப் போடலாம், டா மியாவைத் தூக்கி உள்ளே வைக்கலாம். அந்த வித்தியாசம் மண்டையில் ஏற எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

ஒரு மதியம் தேநீர்க் கடையில் குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வயதிருக்கும் ஒருவர், லோங்ஜி என்கிற பர்மியக் கைலி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, கையில் பிளாஸ்டிக் பையோடு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"தம்பி தமிழ்தானே? நான் மாணிக்கம். இங்க மரியாதைக்கு ஊ மணிம்பாங்க. போட்டாதாங் துறைமுகத்துல மூட்டை எண்ற குமாஸ்தா. ஒரு ஒத்தாசை பண்ணணும்."

பைக்குள்ளிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். பார்த்தேன். என் எழுத்து. நானும் தனலட்சுமியும் எழுதிக்கொண்டது, நானும் அண்ணாச்சியும் எழுதிக்கொண்டது, படம் படமாக.

"இத கொஞ்சம் படிச்சுச் சொல்லணும். எனக்குப் பேச வரும், வாசிக்க வராது. எங்கப்பாவே பர்மா ஸ்கூல்லதான் படிச்சாரு."

"இது என் கடுதாசிண்ணே!"

"தெரியும் தம்பி. அதனாலதானே உங்ககிட்ட வந்தேன். வேற ஆளுகிட்ட குடுத்தா ரகசியம் வெளிய போயிராது?"

எனக்குச் சிரிப்பதா, எழுந்து ஓடுவதா என்று தெரியவில்லை. அவர் இரண்டு லபெயே சொன்னார். பால் விட்ட தேநீருக்கு அங்கே அதுதான் பெயர். அது வந்ததும் கதை வந்தது. அலுவலகத்தில் யாருக்கும் புரியாத எழுத்தில் படங்கள் வந்து குவிகின்றன. அதிகாரி, "கலா எழுத்தை ஒரு கலாதானே படிக்கணும்" என்று இவரைக் கூப்பிட்டிருக்கிறார். இந்திய முகம் உள்ள எல்லோருக்கும் அங்கே அந்த ஒரே சொல்தான். இவரும் படிக்கத் தெரியும் என்று தலையாட்டிவிட்டார். ஏன் ஆட்டினார் என்றால், மகளுக்காக. மகள் செல்வி பத்தாவதில் நல்ல மதிப்பெண் வாங்கி மருந்தாளுநர் படிப்புக்குக் காத்திருந்தாள். அதற்கு இளஞ்சிவப்பு அடையாள அட்டை வேண்டும். முழுக் குடிமகன் என்றால்தான் அந்த நிறம். இவரிடம் இருந்தது பச்சை அட்டை, அரைகுறைக் குடிமகன். சட்டப்படி பார்த்தால் பேத்தி தலைமுறைக்கு இளஞ்சிவப்பு கிடைத்தாக வேண்டும். சட்டம் இருந்தது, மனு இருந்தது, மனு மூன்று வருடமாக அதிகாரியின் அலமாரியில் இருந்தது. "நீ கலாவைக் கவனி, நான் உன் பொண்ணு காகிதத்தைக் கவனிக்கிறேன்" என்றாராம் அதிகாரி. சொந்த உரிமையை ஒருவனிடம் கையேந்தி வாங்குவதற்கு, இன்னொருவனை வேவு பார்க்க வேண்டும். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்படித்தான் நான் என்னை உளவு பார்க்கத் தொடங்கினேன். வாரம் ஒரு மதியம் நான் வாசிப்பேன், ஊ மணி பர்மிய மொழியில் அறிக்கை எழுதுவார். உளுந்துப் பக்கம் சீக்கிரம் முடிந்துவிடும். தனலட்சுமி பக்கம் வந்தால் மனிதர் பேனாவை மூடி வைத்துவிட்டு தொடர்கதை கேட்கிறவர்போல் ஆகிவிடுவார். அவளுக்கும் என் அக்காளுக்கும் கிரைண்டர் விஷயமாகப் பெரிய யுத்தம் நடந்துகொண்டிருந்தது. "நாத்தனார் செஞ்சது நாயமே இல்ல தம்பி. நீங்க ஏன் வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி இருக்கீங்க? தங்கச்சி பக்கம் ஒரு வார்த்தை எழுதுங்க" என்பார். எழுதினேன். அடுத்த கடிதத்தில் தனலட்சுமி உருகிப்போயிருந்தாள். பர்மா அரசாங்கம் என் இல்லறத்துக்குச் செய்த ஒரே நன்மை அது.

ஆனால் எல்லா நாளும் சிரிப்பாக இல்லை. ஒருமுறை அவள் எழுதியதில் ஒரு வரி இருந்தது. அதை நான் உங்களிடமும் சொல்லப்போவதில்லை. வாசித்துக்கொண்டே வந்தவன் அங்கே நின்றுவிட்டேன். நடுத்தெருவில் என் வேட்டியை உருவிவிட்டதுபோல் வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. "போதும்ணே, நான் ஊருக்கே போறேன்" என்று எழுந்தேன். ஊ மணி என் முகத்தைப் பார்த்தார். அந்தத் தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். "இந்தப் படம் தெளிவா விழலைன்னு எழுதிடுறேன். உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன்.

மூன்று மாதம் கழித்து அதிகாரி கத்தியிருக்கிறார். "உளுந்து, நாத்தனார், உளுந்து, நாத்தனார்! குற்றம் எங்கே?" படிப்புக்கு விண்ணப்பிக்க இரண்டு வாரம்தான் பாக்கி. அட்டை வரவில்லை. ஊ மணி இரண்டு நாள் சவரம் செய்யாத முகத்தோடு வந்தார். அதே நேரத்தில் எனக்கு வேறொரு தலைவலி. நான் எந்த ஆலைக்குச் சரக்கு வாங்கப் போனாலும், யாரோ முந்தின நாளே வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். பிறகு அதையே ஒரு தரகர் மூலம் விலையைக் கூட்டி வைத்து எனக்கு விற்றார்கள். "உன் பக்கத்துல எவனோ களவாணிப் பய இருக்கான்லே!" என்று அண்ணாச்சி பணத்தைப் பார்க்காமல் போனிலேயே வைதார். அதை நான் ஊ மணியிடம் சொல்லிப் புலம்பினேன். மனிதர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தம்பி, நேத்து அறிக்கை குடுக்க அதிகாரி வீட்டுக்குப் போனேன். கூடத்துல நாற்காலி இல்ல. மூட்டை மேல உக்காரச் சொன்னாரு."

"என்ன மூட்டை?"

"முப்பது வருசமா மூட்டை எண்றவன்கிட்ட கேக்குறீங்களா? உளுந்து தம்பி! கட்டிலுக்கு அடியிலயும் உளுந்து!"

தேசப் பாதுகாப்புக்காக என் கடிதத்தைப் படித்த மனிதர், எங்கள் கப்பல் வரும் நாளையும் சரக்கு வாங்கும் ஆலையையும் அறிக்கையில் தெரிந்துகொண்டு, என் உளுந்தை எனக்கே விற்றுக்கொண்டிருந்தார். ஆத்திரத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்புறம்தான் ஒரு யோசனை உதித்தது. என் கடிதத்தை ஒருவர் தவறாமல் படிக்கிறார் என்றால், அவருக்கே எழுதினால் என்ன?

"வேணாம் தம்பி. உங்கள நாட்ட விட்டுத் தொரத்துவாங்க" என்று ஊ மணி கையைப் பிடித்துக்கொண்டார். "தொரத்துனா அவரு மூட்டைய யாரு வாங்குவா?" என்றேன். வாய்தான் தைரியமாகப் பேசியது. டா மியா கடைக்குப் போய், ஒவ்வொரு வரிக்கும் ஐந்து நிமிடம் காத்திருந்து, படம் நன்றாக விழும்படி அண்ணாச்சிக்கு இப்படி எழுதினேன்: "அண்ணாச்சி, கப்பல் எப்போது வருகிறது, வருகிறதா என்பதையே இனிமேல் எழுத எனக்கு மனசில்லை. போட்டாதாங் மாணிக்கம் அண்ணன் மகள் செல்விக்கு அட்டை வராமல் கிடக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நல்லது நடந்தால்தான் எனக்குச் சரக்கு வாங்கக் கை ஓடும். அதுவரை ஒரு மூட்டைகூட வாங்க மாட்டேன்." ஊ மணியும் மனசைத் தேற்றிக்கொண்டு அதை ஒரு சொல் விடாமல் அறிக்கையில் ஏற்றினார்.

அதிகாரி என்ன நினைத்தார் என்று தெரிவதற்கு முன்பே விருதுநகர் என்ன நினைத்தது என்று தெரிந்துவிட்டது. மறுநாள் எங்கள் வீட்டு நடுக்கூடத்திலிருந்து போன்; அண்ணாச்சி கடிதத்தோடு அங்கேயே போய்விட்டார். "எவடா அந்த செல்வி?" என்றார் அண்ணாச்சி. அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "அந்தப் பொண்ணுக்கு நல்லது நடந்தாத்தான் உங்களுக்குக் கை ஓடுமோ?" என்றாள் தனலட்சுமி. பின்னாலிருந்து என் அக்காள், "நான் அப்பவே சொன்னேன்" என்றாள். கிரைண்டர் யுத்தம் அந்த நிமிடத்தில் முடிந்து இருவரும் ஒரே கட்சியாகிவிட்டார்கள். எல்லாப் போனையும் கேட்பார்கள் என்று தெரிந்த ஊரில், நடந்ததை எப்படி விளக்குவது? "எல்லாம் ஊருக்கு வந்து சொல்றேன்" என்றேன். குற்றவாளிகள் எல்லோரும் சொல்வது அதுதான்.

ஒன்பது நாள் நான் ஒரு மூட்டை வாங்கவில்லை. மழை தொடங்கிவிட்டது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் வைத்த உளுந்தில் வண்டு விழும் என்பது எனக்குத் தெரியும், ஊ மணிக்குத் தெரியும், அதிகாரியின் மனைவிக்கும் தெரிந்துவிட்டது. பத்தாம் நாள் ஊ மணி குடையை மறந்து நனைந்துகொண்டே ஓடி வந்தார். பின்னால் செல்வி. அவள் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் இளஞ்சிவப்பு அட்டை. மூன்று வருடம் நகராத காகிதம், கட்டிலுக்கு அடியில் வண்டு நடக்க ஆரம்பித்ததும் நடந்துவிட்டது. ஊ மணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், அதில் எனக்கென்ன வெட்கம். செல்விக்குத் தமிழ் புரியும், பேச வராது. பர்மிய மொழியில் படபடவென்று ஏதோ சொன்னாள். "அழுதது போதும், விண்ணப்பம் குடுக்க இன்னிக்குத்தான் கடைசி நாள்ங்கிறா" என்றார் அப்பா.

மூன்று பேரும் சைக்கிள் ரிக்ஷாவில் போனோம். கல்லூரிக் கட்டிடத்து வாசலில் காவலாளி அட்டை கேட்டான். செல்வி காட்டினாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டான். அவளுக்குப் பின்னால் போன ஊ மணியின் பச்சை அட்டையைப் பார்த்ததும் கையைக் குறுக்கே நீட்டினான். போட்டாதாங்கில் பிறந்து, போட்டாதாங்கில் தலை நரைத்த மனிதரும், தங்கும் அனுமதியில் காலம் தள்ளும் நானும் ஒரே கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம், ஒரே மழையில் நின்றோம். செல்வி படியேறிப் போவது தெரிந்தது. திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. காவலாளி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்து என்னவோ கேட்டான். ஊ மணி நிமிர்ந்து நின்று பதில் சொன்னார்.

"என்னண்ணே கேக்குறான்?"

"நாம எந்த ஊருன்னு."

"என்ன சொன்னீங்க?"

"அந்தா படியேறிப் போறாளே, அந்தப் பொண்ணு ஊருன்னேன்."

"எனக்கு?"

"ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் தம்பி சொன்னேன்."