காலைப் பிடித்தவர்

டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி பகலெல்லாம் மண்டி போட்டு வேலை செய்கிறவர். சாயங்காலமானால் டயர் கடை மாடியில் இருந்த ஜூஜுட்சு என்ற ஜப்பானிய மல்யுத்தக் கூடத்துக்குப் போய் அங்கேயும் மண்டி போடுவார். எதிராளியின் காலைத் தன் கால்களால் பின்னிக்கொண்டு, குதிகாலை முழங்கை மடிப்பில் வைத்துத் திருகும் பிடி அவருக்குக் கைவந்தது. போகிற இடமெல்லாம் காலைப் பிடித்தே பிழைக்கிறார் என்று கூடத்தில் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்தப் பிடியில் ஒரு பொல்லாத்தனம் உண்டு. திருகுவது குதிகாலை, போவது முட்டி. வலி முன்கூட்டி வந்து சொல்லாது. ஜவ்வு கிழிந்த பிறகுதான் வரும். அதனால் மாட்டியவன் அதற்குக் காத்திராமல், கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

வெளியூர்ப் போட்டிக்கு அந்தக் கூடத்திலிருந்து அவர் எடைப் பிரிவில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். இரண்டு வருஷமாக அதற்கு ஏங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் மிஞ்சியது அவரும் மனைவியின் தம்பியும். தம்பி லாரி ஓட்டுகிறவன். அந்தக் குடும்பமே வீம்புக்குப் பேர் போனது. அவன் அப்பா, கூடப் பிறந்த அண்ணனோடு ஒரு கதவுக்காகச் சண்டை போட்டுவிட்டு, சாகும்வரை பின்வாசல் வழியாகவே வீட்டுக்குள் போய்வந்த மனிதர். அத்தைக்காரி அதற்கும் ஒரு படி மேல். அதைச் சொல்லப் புகுந்தால் பொழுது போய்விடும்.

யார் போவது என்று முடிவு செய்ய இருவரையும் மோதவிட்ட அன்றைக்கு, மேஸ்திரி அவன் காலைப் பிடித்துவிட்டார். குதிகால் அசையாமல் கையில் வந்து உட்கார்ந்தது.

"தட்டுடா மாப்ள."

"பிடிச்சிருக்கீங்களா மாமா, இல்ல தடவிக் குடுக்கிறீங்களா?"

இன்னும் ஒரு விரற்கடை திருப்பினால் போதும். இடம் இவருக்கு வந்துவிடும். கிளட்ச் மிதிக்கிற அந்த இடது கால் போய்விடும். மேஸ்திரி கையை விரித்தார். விடுபட்ட வேகத்தில் மைத்துனன் மேலே ஏறி அமுக்கினான். நேரம் முடியும்வரை இறங்கவில்லை. ஜெயித்தவன் அவன்தான்.

மாமா பிடியைப் பிய்த்துக்கொண்டு வந்த கதையை அவன் அக்காவுக்குப் போன் போட்டுக் கண்ணு காது மூக்கு வைத்துச் சொல்லியிருந்தான். அவள் கேட்டபோது மேஸ்திரி ஆமாம் என்றதோடு சரி.

போட்டி நாள் காலையில் ஒரு வீட்டுக் குளியலறையில் தரைக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தார். மைத்துனன் வந்து கதவோரம் நின்றான். மன்னிப்பெல்லாம் அந்த வம்சத்து வாயில் வராது. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"கூட ஒரு ஆள் வந்து ஓரமா உக்காரலாமாம். நீங்க வாங்க மாமா. அங்க எவனாவது காலைப் பிடிச்சு, நான் தட்டாம கிடந்தா, எனக்காக நீங்க தட்டிருங்க."

மேஸ்திரி மிச்சமிருந்த நாலு கல்லையும் பதித்து, மட்டம் பார்த்தார்.

"ஈரக் கல்லை மிதிச்சிராத. கை கழுவிட்டு வரேன்."