ஊஜியில் கேட்ட வாக்கு

ஜப்பானில் ஊஜிக்குப் போன அன்று பிற்பகல் வரை, அம்மாவின் இடது மார்பில் கட்டி இருப்பது மகளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்று முடிவு செய்தது நான்தான். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பார்த்த டாக்டர், புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை என்றார். ஒசாகாவில் வேலை பார்க்கும் மகளிடம் போக மூன்று மாதம் முன்பே டிக்கெட் எடுத்திருந்தோம். அதைச் சொன்னதும் யோசித்தார். "பத்து நாள் போய்ட்டு வாங்க. வந்த திங்கட்கிழமை ஆபரேசன். அதுக்கு மேல தள்ளக் கூடாது."

திரும்பி வந்தபின் மகளுக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். மனைவி மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். கிளம்புவதற்கு முன் மல்லசமுத்திரம் பக்கம் உள்ள குலசாமி கோயிலில் பூக் கேட்க வேண்டும்.

வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். ஒரு பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்கிற பிள்ளைக்குக் கேள்வி என்னவென்று தெரியக் கூடாது. வந்த பூவைக் காரியம் முடியும்வரை வீட்டில் வைத்திருக்க வேண்டும். எங்கள் சொந்தத்தில் கல்யாணமும் போர்வெல்லும் இதைக் கேட்காமல் நடந்ததில்லை. நான் எழுதி வைத்திருந்த பயணத் திட்டத்தில் அதற்கு அரை நாள் இடமில்லை. "வந்து கேட்டுக்கலாம்" என்றேன்.

ஊஜியில் ரயிலை விட்டு இறங்கியபோது மணி ஒன்பது ஐம்பது. தூறல். ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குப் போகும் தெரு முழுக்கத் தேயிலைக் கடைகள். ஒரு கடை வாசலில் இலையை இயந்திரத்தில் வறுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் நின்று மூச்சை இழுத்து, "எவ்வளவு வாசம்" என்றாள். மனைவி மூக்கைச் சுளித்து, "அடி புடிச்ச வாசம்" என்றாள்.

கடைகளைத் தாண்டி ஒரு சின்னத் தேயிலைத் தோட்டம். தோட்டம் என்று மகள் சொல்லித்தான் தெரிந்தது. கறுப்புத் துணியால் மேலும் பக்கவாட்டிலும் மூடியிருந்தார்கள். பறிப்பதற்கு முன் மூன்று வாரம் செடிக்கு வெயில் காட்டாமல் வைப்பார்களாம்.

"எதுக்கு?" என்றாள் மனைவி.

"அப்பத்தான் கசப்பு கொறஞ்சு இனிப்பு வருமாம்மா."

"மூடி வெச்சா இனிக்குதாக்கும்" என்று சொல்லிவிட்டு மனைவி என்னைப் பார்த்தாள். நான் குடையைக் கை மாற்றிப் பிடித்தேன்.

கோயில் ஒரு குளத்துக்குள் நிற்கிறது. ஆயிரம் வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. சிவப்பு மரத் தூண்கள், இரண்டு பக்கமும் இறக்கை விரித்தது போன்ற கூரை. நடுவில் பொன்னிறப் புத்தர். அவருக்கு மேலே சுவர் முழுக்க மேகத்தில் உட்கார்ந்த சின்னச் சின்ன மரச் சிலைகள். ஒருத்தர் கையில் மத்தளம், ஒருத்தர் கையில் புல்லாங்குழல். ஐம்பது பேராக உள்ளே விட்டார்கள். வழிகாட்டி பேசியதை மகள் காதோடு சொல்லிக்கொண்டு வந்தாள்.

"சாகப் போறவங்களக் கூட்டிட்டுப் போக இந்தச் சாமி எறங்கி வருமாம். கூட இவங்கெல்லாம் மேளம் வாசிச்சுட்டு வருவாங்களாம்."

"கூப்புடாமயே வருவாங்களா?" என்றாள் மனைவி.

மகள் சிரித்தாள். "நேரமானா வருவாங்க போலிருக்குது."

வெளியே வரும்போது மனைவி இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போனோம். மழையில் தண்ணீர் பாலத்துக்கு அடியில் சாம்பல் நிறத்தில் வேகமாக ஓடியது. அக்கரையில் மரங்களுக்கு நடுவே ஒரு சிறிய கோயில். அங்கே ஒரு மரப்பெட்டி. அதைக் குலுக்கினால் ஓட்டை வழியாக எண் போட்ட குச்சி விழும். அந்த எண்ணுக்கு உரிய பலன் சீட்டைக் கொடுப்பார்கள். இது என்ன என்று மகள் விளக்கியதும் மனைவியின் முகம் மாறியது. நான் தடுத்திருக்க வேண்டிய நேரம் அதுதான். விளையாட்டு என்று நினைத்தேன்.

மனைவி கண்ணை மூடிக் கும்பிட்டாள். முழுசாக ஒரு நிமிடம். பிறகு பெட்டியை மகளிடம் நீட்டினாள். "நீ எடு, கண்ணு."

"நீங்கதானே வேண்டுனீங்க, நீங்க எடுங்கம்மா."

"சொன்னதச் செய்யி."

மகள் குலுக்கினாள். சீட்டு வந்தது. மேலே பெரிய எழுத்தில் கெட்ட பலன் என்று போட்டிருப்பதாகச் சொல்லி உதட்டைப் பிதுக்கினாள். பிறகு ஒவ்வொரு வரியாக உற்சாகமாகப் படித்தாள்.

"பயணம்: பரவாயில்ல. தொலைஞ்ச பொருள்: கெடைக்கும், ஆனா லேட்டாகும். கல்யாணம்: அவசரப்படாதே. இத நல்லாக் கேட்டுக்கங்கம்மா, இனி மாப்ள போட்டோ அனுப்பக் கூடாது. நோய்: நீளும். வைத்தியம்: இப்ப வேண்டாம், காத்திரு."

மனைவி தலையை மட்டும் ஆட்டினாள்.

அங்கே வரிசையாகக் கம்பி கட்டி, அதில் நூற்றுக்கணக்கான சீட்டுகளை முடிந்திருந்தார்கள். கெட்ட சீட்டை அப்படிக் கட்டிவிட்டுப் போனால் பலன் அங்கேயே தங்கிவிடும் என்று மகள் சொன்னாள்.

"சாமி சொன்னத வேண்டாம்னு சாமிகிட்டயே வெச்சுட்டு வர்றதா? குடு."

"ஊட்டுக்கா கொண்டு போறீங்க? இத யாரும் கொண்டு போக மாட்டாங்கம்மா."

மனைவி சீட்டை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "என்னம்மா கேட்டீங்க?" என்றதற்கு, "ஊட்டு விசயம்" என்றாள்.

திரும்பும் ரயில் இரண்டு இருபத்தாறுக்கு. எதிரெதிர் இருக்கை. அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டி, டாக்டர், திங்கட்கிழமை, கேட்காமல் விட்ட பூ. அவள் அழவில்லை. அம்மாவின் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சிருந்தா வேற மாதிரி படிச்சிருப்பேன்" என்றாள்.

"அதுக்குத்தான் உனக்குத் தெரியாம இருந்துச்சு" என்றாள் மனைவி. கோபமில்லாமல், ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னாள்.

அது நம்ம சாமி இல்லை என்றேன்.

"கேட்டது நம்ம சாமியத்தானுங்க. பதிலு இங்க வந்துச்சு. நீங்க அங்க கூட்டிட்டுப் போயிருந்தா அங்கயே வந்துருக்கும்."

நான் நாமக்கல்லில் கோழிப்பண்ணை மேற்பார்வையாளன். காலையில் முதல் வேலையாக ஷெட்டு ஷெட்டாக நடந்து, செத்த கோழிகளை எண்ணி எழுதுகிறவன். ஒரு கோழி தலை தொங்கினால் அன்றைக்கே மருந்து. நாளைக்குப் பார்க்கலாம் என்று எந்த ஷெட்டிலும் சொன்னதில்லை.

ஊர் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. முதல் திங்கட்கிழமை போய்விட்டது. குலசாமி கோயிலுக்கு இப்போதாவது போகலாம் என்றதற்கு, ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டால் சாமிக்குக் கோபம் வரும் என்கிறாள். மகள் தினமும் போனில் கெஞ்சுகிறாள். காத்திரு என்றுதானே வந்தது, வேண்டவே வேண்டாம் என்று வரவில்லையே என்று அவளுக்கே சமாதானம் சொல்கிறாள் மனைவி. எத்தனை நாள் காத்திருப்பது என்று சீட்டில் இல்லை.

இன்று இரண்டாவது திங்கட்கிழமை. காலை பத்தேகாலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். பேசிய பெண் பொறுமையாக, "எந்தத் தேதி போடட்டுமுங்க?" என்று கேட்டாள். நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன். மனைவி காதில் விழுந்திருக்கும். திரும்பவில்லை. மேல் தட்டிலிருந்து கனமான குக்கரை இறக்கிக்கொண்டிருந்தாள். எப்போதும் இரண்டு கையால் இறக்குவாள். இன்று வலது கையால் மட்டும் விளிம்புவரை இழுத்து, நெஞ்சோடு அணைக்காமல், தோளில் சாய்த்துத் தாங்கி, மெல்ல இறக்கினாள். இடது கை உடம்பை ஒட்டியே இருந்தது.

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

இருக்கிறேன் என்றேன்.